கிணத்துத் தண்ணியும் பித்தமும்

பெரியம்மாவின் பித்தப்பையை வெட்டி எடுத்து மூன்று வருசம் ஆகுது. அதுக்குள்ளிருந்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டு எங்கள் கையில் தந்தார்கள். ஏழு கல். பெரியது ஒரு கடலையளவு, மற்றதுகள் பயறும் உளுந்தும் மாதிரி. மஞ்சளுமில்லாத கபிலமுமில்லாத ஒரு நிறம். பெரியம்மா அதைச் சாமியறை அலுமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, "இவ்வளவத்தையும் வயித்துக்க வைச்சுக்கொண்டெல்லோ நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும் நடந்தனான்" என்பா.

போன கார்த்திகையில் அந்தப் போத்தலை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் சனிக்கிழமை பின்னேரம் தரம் 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அன்றைக்குச் சமிபாட்டுத் தொகுதி, அதிலும் கொழுப்பு.

வருசா வருசம் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் இடறுவார்கள். கடதாசியில் எழுதச் சொன்னால் பத்தில் ஏழு பேர் "பித்தம் கொழுப்பைச் சமிபாடடையச் செய்யும் நொதியம்" என்று எழுதுவார்கள். பித்தத்தில் சமிபாட்டு நொதியம் ஒன்றுமே இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் அந்த வசனம் திரும்பவும் வரும். காரணம் புத்தகமில்லை. பித்தம் என்ற சொல்லைப் பிள்ளைகள் வகுப்புக்கு வரமுதலே வீட்டிலிருந்து கொண்டுவந்து விடுகிறார்கள்.

அதனால் முதல் கேள்வியாக அதையே கேட்டேன். "பித்தம் எண்டா என்ன?"

"தலைசுத்து, ரீச்சர்."

"வெறும் வயித்தில மஞ்சளாச் சத்தி எடுக்கிறது."

"குதிக்கால் வெடிக்கிறது. எங்கட அம்மம்மாவுக்கு இருக்கு."

கடைசி வாங்கில் இருக்கிறவன், எழும்பாமலே: "விசர்."

நாலும் எங்கள் பேச்சில் சரிதான். வாதம், பித்தம், கபம் என்று பரியாரியார் நாடி பார்த்துச் சொல்லும் பித்தம் ஒன்று, பித்தன் என்று நாங்கள் கும்பிடுகிற சிவனின் பித்து இன்னொன்று. நான் படிப்பிக்க வந்தது மூன்றாவது பித்தம். ஈரல் சுரக்கிறது, பித்தப்பை சேர்த்து வைக்கிறது, பச்சையும் மஞ்சளுமாய் ஒரு திரவம். இந்த மூன்றாவதைக் கண்ணால் கண்டவர் யாரும் உண்டோ என்று கேட்டேன். மீன் வெட்டுகிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி கை உயர்த்தினாள். "குடலை எடுக்கேக்க பச்சையா ஒரு முட்டு இருக்கும் ரீச்சர். அது உடைஞ்சா மீன் முழுக்கக் கைச்சுப் போகும். அம்மா ஏசுவா." அதுவேதான். அவளுடைய அம்மா ஏசுகிற அந்தக் கைப்புத்தான் பித்த உப்புகள்.

அதற்குப் பிறகு ஒரு செய்முறை. இரண்டு ஜாம் போத்தல், இரண்டிலும் முக்கால்வாசி தண்ணீர், மேலே ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று இவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுன்னாகத்துப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை அவன் வீட்டில் இன்றைக்கும் கதைக்கிற கதை. சரி. ஒரு போத்தலை அப்படியே மூடிக் குலுக்க வேண்டும். மற்றதுக்குள் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைச் சீவிக் கரைத்த தண்ணீரை விட்டுக் குலுக்க வேண்டும். முதல் போத்தலில் எண்ணெய் கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். இரண்டாவது பால் மாதிரி வெளுத்து அப்படியே நிற்கும். பெரிய எண்ணெய்த் துளியைச் சின்னச் சின்னத் துளியாக்கி, திரும்ப ஒட்டவிடாமல் வைத்திருக்கிற வேலை. அதைத்தான் குடலுக்குள் பித்தம் செய்கிறது. எங்கள் பாடப்புத்தகச் சொல் குழம்பாக்கல். ("அப்ப கறி வைக்கிறதோ ரீச்சர்?" அதுவும் வருசா வருசம் வரும்.)

இந்தச் செய்முறையை நான் பார்த்துப் பழகியது பேராதனையில் படித்த காலத்தில். அங்கே மலைநாட்டு ஆற்றுத் தண்ணீர், சவுக்காரத்தைத் தொட்டாலே நுரை. ஊருக்கு வந்த பிறகு பாடசாலை ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் செய்து காட்டியிருக்கிறேன். வீட்டில், எங்கள் கிணத்துத் தண்ணீரில், இதுதான் முதல் தரம். ஏன் ஒருக்கால் செய்து பார்க்காமல் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

குலுக்கினோம். நுரை வரவில்லை. வெள்ளையாய்த் துணுக்குத் துணுக்காய் ஏதோ திரண்டு போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டது, திரைந்துபோன சொதி மாதிரி. எண்ணெய் நிதானமாக மேலே ஏறி வந்து மஞ்சளாய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு போத்தலுக்கும் வித்தியாசமென்றால், சவுக்காரம் போட்டதுதான் கூட ஊத்தையாக இருந்தது.

"ரீச்சர், பித்தம் வேலை செய்யேல்ல. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்." கடைசி வாங்குதான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட்டது. இன்னும் கொஞ்சம் சவுக்காரம் சீவிப் போட்டேன், இன்னும் கொஞ்சம் துணுக்குத் திரண்டது. தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்க எழும்பி உள்ளே போன இடத்தில்தான் பிடிபட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று படிவு, விரல் நகத்தால் சுரண்டினால் செதிலாய் வரும். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்திலும் இப்படித்தான். குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது முழுக்கச் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. மழைத்தண்ணீர் அதுக்குள்ளால் இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் எங்கள் கிணற்றுக்கு வருகிறது. சவுக்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. கல்சியத்தைக் கண்டால் சோடியத்தை விட்டுவிட்டு அதோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். போத்தல் சுவரில் ஒட்டியிருந்தது அதுதான். நீரின் வன்மை என்று இதே பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன்.

கேத்திலையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். அன்றைய மிச்ச நேரம் அதிலேயே போய்விட்டது. அடுத்த கிழமை மழைத்தண்ணீர் கொண்டுவாருங்கோ என்று அனுப்பினேன். கார்த்திகை மாதம், எங்கள் பக்கத்தில் வருசத்து மழையில் பெரும்பங்கு இந்த மாரியில்தான் பெய்யும். மழைத்தண்ணியில் தலை முழுகினால் மயிர் பட்டுப்போல இருக்கும் என்று அம்மம்மாமார் சொல்லுவது ஏன் என்றும் யோசித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அடுத்த சனி, ஒரு வாளி மழைத்தண்ணீர், அதே எண்ணெய், அதே சவுக்காரம். ஒரு குலுக்கில் பால். வகுப்பு முடியும்வரை அப்படியே நின்றது. அடுத்த நாள் காலையில் பார்த்தேன், மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று ஏறியிருந்தது, ஆனால் எண்ணெய் தனியாகப் பிரிந்திருக்கவில்லை.

துளி சின்னனாவதால் என்ன பயன்? அதை ஒரு கணக்காகச் செய்தோம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கொழுப்புக் கட்டி ஒன்று. ஆறு முகம், மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதை ஒரு மில்லிமீற்றர்க் கட்டிகளாய் வெட்டினால் ஆயிரம் துண்டு, மேற்பரப்பு 60. ஒரு மைக்ரோமீற்றர்க் கட்டிகளாய் வெட்டினால்? கல்குலேற்றர் இல்லாமல் செய்யச் சொன்னேன். 60,000 சதுர சென்ரிமீற்றர், அதாவது 6 சதுர மீற்றர். ஒரு கட்டிக் கொழுப்பு இரண்டு பேர் படுக்கிற பாயைவிடப் பெரிதாகிவிட்டது. இலிப்பேசு என்ற நொதியம் சதையியிலிருந்து (கணையம் என்பதும் அதைத்தான்) வருகிறது. அது தண்ணீரில் இருக்கிற ஆள், கொழுப்புக்குள் இறங்கத் தெரியாது, மேற்பரப்பில் நின்று மட்டுந்தான் வெட்டும். பித்தம் பாயை விரித்துக் கொடுக்கிறது, இலிப்பேசு இருந்து வேலை செய்கிறது. கொழுப்பமிலமும் கிளிசரோலும் என்று புத்தகம் சொல்லும். சோதனைக்கு அதையே எழுதுங்கோ. உள்ளே உண்மையில் நடப்பது, மூன்று கொழுப்பமிலத்தில் இரண்டை வெட்டிவிட்டு ஒன்றைக் கிளிசரோலோடேயே விடுவதுதான். கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்லுவேன்.

இப்போது அந்தக் கேள்வி. முன்வரிசையில் ஒரு பிள்ளை, ஒரு கேள்வி கேட்க முன் பேனா மூடியை மூன்று தரம் திறந்து மூடுகிற பிள்ளை. "ரீச்சர், நாங்க குடிக்கிறதும் அந்தக் கிணத்துத் தண்ணிதானே. அப்ப வயித்துக்க இருக்கிற பித்தமும் போன கிழமை மாதிரித் திரையாதோ?"

இருபத்திரண்டு வருசமாகப் படிப்பிக்கிறேன். "பித்தம் சவர்க்காரம் போன்றது" என்று இருபத்திரண்டு வருசமாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. தண்ணீர் மட்டுமில்லை, பால், நெத்தலி, முருங்கையிலை, எல்லாவற்றிலும் கல்சியம். குடலுக்குள் கல்சியம் இல்லாத நேரமே கிடையாது. தெரியாது பிள்ளை, பார்த்துச் சொல்லுறன் என்றேன்.

இரவு பழைய உயிர் இரசாயனப் புத்தகத்தைத் தட்டி எடுத்துப் பார்த்தேன். பதில் இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஈரல் கொலஸ்ரோலிலிருந்து பித்த அமிலத்தைச் செய்கிறது. செய்து முடித்தவுடன் வெளியில் அனுப்புவதில்லை. ஒவ்வொன்றின் வாலிலும் கிளைசீன் அல்லது தோரீன் என்ற சின்ன மூலக்கூறு ஒன்றைக் கொழுவிவிட்டுத்தான் அனுப்புகிறது. அந்த வால் இருந்தால் கல்சியத்தைக் கண்டாலும் எளிதில் வீழ்படிவாகாது, இரைப்பையிலிருந்து வருகிற அமிலத்திலும் கரைசலாகவே நிற்கும். வாலில்லாத பித்த அமிலத்துக்கு அந்தத் தைரியம் இல்லை. எங்கள் கிணத்துத் தண்ணீரில் சவுக்காரம் தோற்கிற இடத்தில் பித்தம் தோற்காமல் நிற்பது இதனால்தான்.

இன்னொரு விசயமும் சவுக்காரத்திலிருந்து பித்தத்தைப் பிரிக்கிறது. சவர்க்கார மூலக்கூறுக்குத் தலையும் வாலும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். பித்த உப்பு அப்படியில்லை, தட்டையானது. ஒரு முகம் தண்ணீருக்கு, மறுமுகம் எண்ணெய்க்கு. சோற்றுப் பார்சல் கட்டுகிற தாளை நினைத்துப் பாருங்கோ என்றேன். உள்பக்கம் பொலித்தீன், கறியெண்ணெய் அதோடு நிற்கும். வெளிப்பக்கம் கடதாசி, கையில் பிடிக்கலாம். இலிப்பேசு வெட்டிப்போட்ட கொழுப்பமிலங்களைப் பித்த உப்புகள் இப்படிச் சின்னச் சின்னப் பார்சலாய்ச் சுற்றித்தான் குடற்சுவரில் சின்ன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சடைமுளைகள்வரை கொண்டுபோய் விடுகின்றன. விற்றமின் ஏ, டி, ஈ, கே நாலும் அதே பார்சலில் ஏறித்தான் போகும். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ போடாமல் விட்டால் ருசி மட்டுமில்லை, இலையில் இருக்கிற கரோட்டினும் ஒழுங்காக உள்ளே போகாது.

பித்தமா இலிப்பேசா முக்கியம் என்று ஒரு பெரிய சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்திருக்கிறது. பரிசில் குளோட் பேர்னார் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1840களில் முயல்களை வெட்டிப் பார்த்தார். முயலுக்கு ஒரு விசேசம், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவருகிற குழாயான பித்தக்கான் மேலே திறக்கும், சதையிக்கான் அதற்கு நல்லாக் கீழே. கொழுப்புத் தீனி கொடுத்துப் பார்த்தால் குடலிலிருந்து போகிற நிணநீர்க் கலன்கள் பால் நிறமாவது (கொழுப்பு உள்ளே போகுது என்பதற்கு அதுதான் அடையாளம்) சதையிக்கானுக்குக் கீழேதான். அப்ப வேலை சதையியுடையது என்றார். பிறகு அவரிடம் வேலை செய்த டாஸ்ட்ர் நாயில் மாற்றிச் செய்தார். பித்தம் குடலில் கீழே வந்து விழும்படி தைத்துவிட்டார். இப்போது பால் நிறம் பித்தம் விழுகிற இடத்துக்குக் கீழேதான் வந்தது. ஒன்று இல்லாமல் மற்றது காணாது. பேர்னார் முயலோடு மினக்கெட்ட அதே காலத்தில், 1847இல், சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார். பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், அதுக்கென்று புத்தகங்களையும் தமிழில் ஆக்கினவர். பித்தப்பை எங்கே இருக்கிறது என்று தமிழில் பாடம் நடந்த ஊர் இது. அதைச் சொல்லும்போது மட்டும் கடைசி வாங்கும் நிமிர்ந்து இருந்தது, ஏனென்றால் அவன் மானிப்பாய்.

பெரியம்மாவின் போத்தலைக் கடைசியில்தான் எடுத்தேன். கை கையாய்ப் போனது. கொலஸ்ரோலைப் பித்தத்தில் கரைத்து வைத்திருப்பதே பித்த உப்பும் லெசித்தினும்தான். கொலஸ்ரோல் அளவுக்கு மிஞ்சினால் பளிங்காய்ப் படியத் தொடங்கும், பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கி வெறுமையாகாவிட்டால் அந்தப் பளிங்கு கல்லாகும்.

"அப்ப பித்தப்பை இல்லாத உங்கட பெரியம்மா எப்பிடி ரீச்சர் வடை சாப்பிடுறா?"

நல்லாச் சாப்பிடுகிறா. நாலு. பித்தப்பை ஒரு தாங்கி மட்டுந்தான், 50 மில்லிலீற்றர் கொள்ளுகிற ஒரு சின்னப் பை. கிணறு ஈரல். அது ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர்வரை சுரக்கும். பித்தப்பை அதில் நீரை உறிஞ்சி இறுக்கி வைத்திருக்கும். கொழுப்பு முன்சிறுகுடலுக்கு வந்தவுடன் குடற்சுவர் ஒரு ஓமோனை இரத்தத்தில் விடும், பை சுருங்கும். 1928இல் ஐவியும் ஓல்ட்பேர்க்கும் கண்டுபிடித்து வைத்த பெயர் கொலசிஸ்ரோகைனின். கிரேக்கத்தைப் பிரித்தால் பித்தப்பை அசைப்பி, வேறொன்றுமில்லை. பை இல்லாத ஆளுக்குப் பித்தம் நேரே ஈரலிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரேயடியாக ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி என்றால் சிலருக்கு வயிறு கலங்கும். பெரியம்மாவுக்கு முதல் மூன்று மாசம் அப்படி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பித்தக்கான் அடைபட்டால்தான் கதை வேறு. செங்கமாரி வரும். செங்கமாரி வருகிற வழி பல, இது அதில் ஒன்று. செங்குருதிக் கலம் 120 நாள் வாழ்ந்து உடைய, அதன் நிறத்தைப் பிலிரூபினாக்கி ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளுகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான் (இந்த இடத்தில் பெடியள் ஐந்து நிமிசம் சிரித்தார்கள், விட்டுவிட்டேன்). வழி அடைபட்டால் நிறம் இரத்தத்துக்குத் திரும்பிக் கண் மஞ்சளாகும், மலம் களிமண்ணாய் வெளுக்கும், கொழுப்பும் அதோடேயே போகும். அப்படி ஒன்றைக் கண்டால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் போங்கோ என்று சொன்னேன். இதை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

ஒரு பிள்ளை பித்தம் முழுக்க மலத்தோடு போய்விடுமோ என்று கேட்டாள். இல்லை. உடம்பு முழுக்க இருக்கிற பித்த உப்பே மூன்று கிராம் அளவில்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பிவிடும், ஈரல் திரும்பவும் அனுப்பும், ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்துத் தரம்வரை. கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிற கிடாரம் மாதிரி. ஒரு வீட்டில் சமைத்து இறக்கினவுடன் கழுவி அடுத்த வீட்டுக்கு.

மாசக் கடைசியில் சின்னச் சோதனை வைத்தேன். இருபத்தாறு பேரில் நாலு பேர்தான் பித்தத்தை நொதியம் என்று எழுதினார்கள். கடைசி வாங்கு எழுதியிருந்தது: "பித்தம் நொதியமல்ல. ஆனால் கிணத்துத் தண்ணிக்குப் பயப்படாது." புள்ளித் திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஒரு புள்ளி போட்டேன்.

நேற்றுப் போத்தலைத் திரும்பக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விபூதித் தட்டில் கொட்டி எண்ணினா. இரண்டாம் தரமும் எண்ணினா.

"ஏழெல்லோ தந்தனான் பிள்ளை. இதில ஆறுதான் கிடக்கு."